சனிக்கிழமைச் சுண்ணாம்பு

1869 மே 5, புதன்

என் பள்ளித் துரைசானி அம்மாளிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. நான் படித்த போர்டிங் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கு ஆசிரியை வேண்டுமாம். ஆகஸ்டு முதல் வாரம் வந்து சேர வேண்டும். எங்கள் சபை உபதேசியாரிடமிருந்து நன்னடத்தைக் கடிதம் ஒன்று வாங்கி ஜூலைக்குள் அனுப்பினால் இடம் எனக்குத்தான். கூடவே ஒரு புத்தகமும் அனுப்பியிருக்கிறார். பனிக்கடலுக்குப் போன ஒரு கப்பலின் கதை. ஆங்கிலம், முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

அம்மை இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அப்போது பள்ளியை விட்டு வந்தேன். ஒரு பனைப்பருவத்துக்கு மட்டும் என்று ஐயா சொன்னார். இது இரண்டாவது பருவம். அண்ணன் கண்டிச்சீமைக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் ஐயா, அண்ணன் மனைவி ஞானப்பூ மயினி, நான். ஐயா முப்பத்திரண்டு பனை ஏறுகிறார், விடியலில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. அவர் இறக்கும் பதநீரை விடிலி என்கிற ஓலைக் குடிசையில் மயினியும் நானும் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குகிறோம்.

கடிதத்தை ஐயாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

"இடம் ஒனக்குத்தான்னு போட்டிருக்காகளா? அந்த எடத்தைத் திரும்பப் படி."

மயினி அடுப்பிலிருந்து கூப்பிட்டாள். "போங்க வாத்திச்சியம்மா, போங்க. இங்க பானைக்குப் பாடம் சொல்லி என்ன ஆவப்போவுது?"

மே 7, வெள்ளி

அறுபத்தொரு பக்கம் படித்துவிட்டேன். விறகு தள்ளுவதற்கு நடுவில், பதநீர் சுண்டுவதற்கு நடுவில், மடியில் வைத்துப் படிக்கிறேன். கரித்தடம் படாமல் பக்கம் திருப்பப் புறங்கையைப் பழக்கியிருக்கிறேன்.

சாப்பிடும்போது, கடல் உறைந்து கப்பல் நடுவில் மாட்டிக்கொண்டதைச் சொன்னேன். "தண்ணி எப்படிக் கல்லாவும்? பதநிதான் கல்லாவும்" என்றாள் மயினி. ஐயா சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

மயினிக்கு அடுப்பு, எனக்குச் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பு எப்போதும் தண்ணீரின் அடியில் இருக்க வேண்டும். காற்றில் காய்ந்தால் காரம் போய்விடும். பார்வைக்கு அதே வெள்ளைதான். தினமும் தண்ணீர் ஊற்றி, பானையை இறுக மூட வேண்டும். அம்மை செய்துகொண்டிருந்த வேலை அது.

மே 9, ஞாயிறு

காலையும் மாலையும் ஆராதனை. நடுவில் வேலை இல்லை.

துரைசானி அம்மாள் ஸ்காட்லாந்தில் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தவர். தன் கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு தறியும் ஓடாது, கிணற்றில் வாளிகூட இறங்காது என்று வகுப்பில் சொல்வார். தறியை நிறுத்தலாம். பனையை யார் நிறுத்துவது? அது ஞாயிற்றுக்கிழமையும் சொட்டிக்கொண்டிருக்கிறது. மற்ற வீட்டு ஆண்கள் இருட்டோடு ஏறி இறங்கிவிட்டு வேதக்கோயிலுக்கு வருகிறார்கள். உபதேசியார் கேட்பதில்லை. ஐயா ஒருவர்தான் ஏறுவதில்லை. சனி மாலை பாளையில் கட்டிய கலயத்தைத் திங்கள் விடியலில்தான் இறக்குவார். பாதி வழிந்து வீணாகும். மிச்சம் கெடாமல் இருக்கவேண்டுமென்று, சனிக்கிழமை மட்டும் கலயத்துக்குள் இரட்டிப்பாகச் சுண்ணாம்பு பூசுவார். சுண்ணாம்பு பற்றாவிட்டால் பதநீர் கள்ளாகிவிடும். எங்கள் சபையில் கள் இறக்குகிறவர்களுக்கு இராப்போஜனத்து அப்பமும் ரசமும் கிடையாது. போன வருடம் எல்லாரும் கையுயர்த்தி வாக்குக் கொடுத்தோம்.

"எறும்பு தின்னுது, அணில் தின்னுது, கர்த்தர் தின்னுதாரு. நமக்குத்தான் இல்ல" என்று மயினி முணுமுணுத்தாள். ஐயாவின் காதில் விழுந்தது.

மே 11, செவ்வாய்

விறகு. பதநீர். எண்பத்தேழு பக்கம்.

மே 13, வியாழன்

செய்யப்போகிற வேலைகளைக் காலையிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு தாளை எடுக்க முடிவதில்லை. விடிலி கூட்டியாயிற்று. கருப்பட்டி ஊற்றும் சிரட்டைகளைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. சுண்ணாம்புக்குத் தண்ணீர் ஊற்றி மூடியாயிற்று. முந்தாநாள் கருப்பட்டியை ஓலைக்கொட்டானில் அடுக்கியாயிற்று.

கப்பலில் இருவர் இறந்துவிட்டார்கள். தலைவன் தன் நாட்குறிப்பில் அதை ஒரே வரியில் எழுதியிருக்கிறான்.

மே 15, சனி

சாயங்காலம் ஐயா சுண்ணாம்பு கேட்டார். கலக்கிக் கொடுத்தேன்.

புத்தகம் முடிந்தது. இதைச் சொல்ல இங்கே யாருமில்லை.

மே 17, திங்கள்

காலையில் சந்தோஷம் உபதேசியார் பக்கத்து ஊர்ச் செபக்கூட்டத்துக்குப் போகிற வழியில், எங்கள் மரங்களுக்கு நடுவே வந்தார். கூட எங்கள் சபை மூப்பர் பாக்கியநாதனும் இருந்தார். பனையடியில் யார் வந்தாலும் கேட்காமலே பதநீர் கொடுப்பது வழக்கம். ஐயா அப்போதுதான் ஐந்தாவது மரத்திலிருந்து இறங்கியிருந்தார். குருத்தோலையை மடித்துப் பட்டை பிடித்து உபதேசியார் கையில் கொடுத்து, குடுவையிலிருந்து ஊற்றினார். உபதேசியார் ஒரு மடக்குக் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அருமைநாயகம், இது என்ன?"

ஐயா விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். மூப்பர் குடுவையை வாங்கி மோந்தார். முகம் சுளித்தார்.

"கள்ளுல்லா இது! நொங்கும் நொரையுமா நிக்கி."

"சுண்ணாம்பு போட்டேன்" என்றார் ஐயா.

"எப்ப?"

"சனியாச்ச சாயந்தரம். எல்லாக் கலயத்துக்கும். எங்கையால."

மூப்பருக்கு மரத்தொழில் தெரியும். "சுண்ணாம்பு நல்ல சுண்ணாம்பா?" என்று கேட்டார். உபதேசியார் என் பக்கம் திரும்பினார். விடிலி வாசலில் கையில் துடுப்போடு நின்றிருந்தேன்.

"கிருபை, நீ படிச்ச பிள்ளை. பொய் சொல்லமாட்டே. சுண்ணாம்பு நல்லாத்தானே இருந்தது?"

நல்ல சுண்ணாம்புதான் என்றேன்.

ஐயா என்னைப் பார்க்கவில்லை. குடுவையில் இருந்ததை மணலில் ஊற்றிவிட்டு, அடுத்த மரத்துக்குப் போனார்.

மே 18, செவ்வாய்

புதுக் கிளிஞ்சல் வாங்கி நீற்றினேன். பழைய சுண்ணாம்புப் பானையை விறகுக்கட்டுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். வழியில் இடைஞ்சலாக இருந்தது.

மே 20, வியாழன்

மூப்பர்மார் கூடினார்கள். ஐயாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மயினியும் நானும் கோயில் சன்னலுக்கு வெளியே நின்றோம்.

"தப்புப் பண்ணிட்டேன்னு சபைக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லும். மூணு மாசத்துல எல்லாம் சரியாயிரும்" என்றார் உபதேசியார். அவர் குரலில் கோபம் இல்லை. வருத்தப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

"நான் கள் எறக்கலை."

"நாங்க குடிச்சுப் பாத்தோமே வேய்!"

"சுண்ணாம்பு போட்டேன்."

அரைமணி நேரம் இதே பேச்சு. கடைசியில், அவர் ஒத்துக்கொள்ளும்வரை இராப்போஜன மேசைக்கு வரக்கூடாது, ஆராதனையில் வாசலோரம் தனிப்பாயில் உட்கார வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏறுகிறவர்கள் மூன்று பேர் அந்தக் கூட்டத்தில் மூப்பராக இருந்தார்கள்.

திரும்பும்போது மயினி, "மாமா நாக்குல என்ன கட்டி வச்சிருக்காவ? சுண்ணாம்பு கெட்டிருக்கும்னு சொன்னா என்ன?" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "கெட்டிருந்ததா கிருபை?"

"இல்லை."

மே 23, ஞாயிறு

ஐயா வாசலோரப் பாயில் உட்கார்ந்தார். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அவர் முழங்காலைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தன. பாட்டுக்களை அவர் வழக்கம்போல உரக்கப் பாடினார். இரண்டாம் பாட்டில் நிறுத்திக்கொண்டார்.

மே 26, புதன்

இந்தத் தாள்களை முதலிலிருந்து படித்தேன்.

பதின்மூன்றாம் தேதி, சுண்ணாம்புக்குத் தண்ணீர் ஊற்றி மூடியாயிற்று என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போது அது இனிமேல் செய்யவேண்டிய வேலை. எழுதிய பிறகு செய்தது போலவே ஆகிவிட்டது. பன்னிரண்டாம் தேதியும் ஊற்றவில்லை. பதினொன்றும் இல்லை. கப்பல் உறைந்த நாளிலிருந்து பானை அடுப்பு வெக்கையில் திறந்தே கிடந்தது. வார நாளில் ஓர் இரவுக்கு மிச்சக் காரம் தாங்கியிருக்கிறது. சனிக்கிழமை ஐயா கேட்டபோது அது உதிர்ந்து மாவாக இருந்தது. தண்ணீர் விட்டுக் கலக்கினேன். வெள்ளையாகத்தான் இருந்தது. 'கலக்கிக் கொடுத்தேன்' என்பது மட்டும் பொய்யில்லை.

யாரும் படிக்காத தாளில் யாருக்காக இப்படி எழுதினேன்?

மே 29, சனி

உபதேசியார் வீட்டுக்கு வந்தார். என் நன்னடத்தைக் கடிதத்தைப் பற்றிப் பேசத்தான். ஐயாவின் காரியம் என்னைத் தொடாது என்றார். "தகப்பனுக்கு விரோதமாப் போகும்னு தெரிஞ்சும் உள்ளதைச் சொன்ன பிள்ளை நீ. அதையும் சேர்த்து எழுதப்போறேன்" என்றார்.

ஐயா மரமேறக் காலில் மாட்டும் தளைநாரைத் திருகிக்கொண்டு அங்கேதான் இருந்தார். "எழுதுங்க" என்றார். "நல்லா எழுதுங்க."

ஜூன் 6, ஞாயிறு

இராப்போஜன ஞாயிறு. பெண்கள் பக்கம் எழுந்தபோது நான் எழவில்லை. வாசலிலிருந்து ஐயா என்னைப் பார்த்தார். போ என்று தாடையை அசைத்தார். போனேன். அப்பத்தை நாக்கில் வாங்கினேன். விழுங்க முடியவில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவர் பாயைத் தாண்டி வெளியே வந்தேன்.

பிறகு விழுங்கினேன். துப்புவதற்குத் துணிச்சல் இல்லை.

ஜூன் 7, திங்கள்

ஐயாவிடம் சொல்லிவிட்டேன். மரத்தடியில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

கையை விரித்துக் காட்டினார். பாளை சீவிச் சீவி விரல் நெடுக வெடிப்பு. "நல்ல சுண்ணாம்புன்னா இதுல பட்டா உசிர் போவும். அன்னைக்கு எரியவே இல்ல. மொத மரத்துலயே நெனச்சேன். பொழுது விழுந்துட்டு. வேற சுண்ணாம்புக்கு எங்க போவ? கர்த்தர் பாத்துக்கிடுவாருன்னு விட்டேன்."

"அன்னைக்கு ஏன் சொல்லலை?"

"சொன்னா ஒனக்குக் கடுதாசி தருவானா?"

"நீங்க வாசல்ல உக்காந்திருக்கீங்க."

"எனக்கென்ன. மரத்துல இருந்தாலும் தனியாத்தான் இருக்கேன்." அரிவாளின் கூரை நகத்தில் வைத்துப் பார்த்தார். "ஒங்கம்மை சாவுறப்ப, புள்ளைய அடுப்படில போட்றாதீகன்னு சொன்னா. ஆடிக்கு நீ போயிருவ. அப்புறம் வாசல்ல உக்காந்தா என்ன, தூண்ல சாஞ்சா என்ன. நீ வாய மூடிக்கிட்டு இரு மக்கா."

ஜூன் 8, செவ்வாய்

உபதேசியார் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். புத்தகம் படித்தது, பானை காய்ந்தது, கலக்கியது, பொய் சொன்னது, எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நல்ல பிள்ளை. தகப்பனுக்காக இவ்வளவும் சொல்லத் துணிஞ்சிருக்கே."

"உள்ளதைத்தான் சொல்றேன்."

"சுண்ணாம்புன்னா சுண்ணாம்புதானே அம்மா. ஒரு வாரம் மூடாம இருந்தா அது சுண்ணாம்பு இல்லைன்னு ஆயிருமா?" அவர் மேற்கே நஞ்சைக்காட்டு ஊரிலிருந்து வந்தவர். பனையைப் பற்றி ஒன்றும் தெரியாது. "இதை மூப்பர்மார்கிட்ட கொண்டுபோனா, அருமைநாயகம் மகளைப் பொய் சொல்ல அனுப்பிட்டான்னுதான் சொல்வாங்க. அவருக்கு இன்னும் கெடுதல். வீட்டுக்குப் போ. கடிதம் எழுதி முடிச்சிட்டேன். நாளைக்கழிச்சு அனுப்பறேன்."

என் வாயிலிருந்து வந்த பொய்யை அவர் உடனே நம்பினார். உண்மையை நம்பவைக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று வழியெல்லாம் யோசித்தேன்.

ஜூன் 9, புதன்

விறகுக்கட்டுக்குப் பின்னால் அந்தப் பானை இன்னும் இருக்கிறது.

உபதேசியாரிடம் மறுபடி போனேன். கடிதத்தை ஒரு வாரம் நிறுத்திவைக்கச் சொன்னேன். சனிக்கிழமை மாலை எங்கள் மரத்தடிக்கு வரச் சொன்னேன். ஒரே மரம், இரண்டு கலயம். ஒன்றில் பழைய சுண்ணாம்பு, ஒன்றில் புதியது. அவர் கண்ணெதிரே பூசுகிறேன், அவரே அடையாளம் போடட்டும், திங்கட்கிழமை அவரே குடித்துப் பார்க்கட்டும் என்றேன்.

"உன் தகப்பனார் கட்டுவாரா?"

அதை நான் யோசித்திருக்கவில்லை.

ஜூன் 11, வெள்ளி

ஐயா மாட்டேன் என்றார். மூன்று நாளாக இதே பதில். இன்று, "அப்படின்னா அடுத்த இராப்போஜனத்துக்கு நான் மேசைக்குப் போகமாட்டேன். வாசல்ல உங்க பாய்லயே உக்காருவேன். கேட்டா ஏன்னு சொல்லுவேன்" என்றேன்.

"கழுதை" என்றார். என்னை அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

மயினி பானையைத் துழாவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உண்மை அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன்.

"மாமா, அவ சொல்லுததச் செஞ்சிருங்க" என்றாள். "இல்லாட்டி ரெண்டு பேரும் கோயில் வாசல்ல உக்காந்து ஈ ஓட்டுங்க. நான் மட்டும் உள்ள போயி யாரு மொகத்தப் பாக்க?"

ஜூன் 12, சனி

உபதேசியார் வந்தார். மூப்பரையும் அழைத்து வந்திருந்தார். இரண்டு கலயங்களிலும் அவர்கள் பார்க்கப் பூசினேன். உள்ளே எட்டிப் பார்த்து, இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்றார் உபதேசியார். பழைய கலயத்தின் கழுத்தில் தன் கையாலேயே ஓலைக்கீற்றை முடிந்தார். மூப்பர் பழைய பானைக்குள் விரலை விட்டு, நாக்கில் வைத்தார். துப்பினார். அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஐயா இரண்டு கலயத்தையும் இடுப்பில் கட்டிக்கொண்டு மரத்தடியில் நெடுநேரம் நின்றார். ஏதோ செபம் செய்கிறார் என்று உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஏறினார். அவர் இவ்வளவு மெதுவாக ஏறி நான் பார்த்ததில்லை.

ஜூன் 14, திங்கள்

கீற்றுக் கட்டிய கலயம் நுரைத்து நின்றது. மற்றது தெளிவாக, இனிப்பாக இருந்தது. உபதேசியார் இரண்டையும் குடித்தார். பட்டையை மடித்துக் கீழே வைத்தார்.

"அருமைநாயகம், என்னை மன்னிச்சிரும்" என்றார்.

ஐயா கும்பிட்டார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

உபதேசியார் என் பக்கம் வந்தார். கடிதம் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. வெளியே எடுத்தார். கிழிப்பார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. மடிப்பைப் பிரித்து ஒரு வரியைத் திரும்பப் படித்தார். மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். "இதுல நான் எழுதியிருக்கறது ஒண்ணும் இனிமே ஆகாதே அம்மா" என்றார்.

கிறிஸ்மஸ் வரைக்கும் நான் வாசலோரம் உட்கார வேண்டும். சாட்சி கேட்ட இடத்தில் பொய் சொன்னதற்காக.

ஜூன் 22, செவ்வாய்

துரைசானி அம்மாளுக்கு நானே எழுதினேன். நடந்ததை மறைக்காமல் எழுதினேன். புத்தகத்தையும் திருப்பி அனுப்பிவிட்டேன். இன்று என் கைதவறி இருபத்தெட்டு கருப்பட்டி உடைந்துவிட்டது. மயினி என்னைக் குறை சொல்லவில்லை. அவள் குறை சொன்னால் நன்றாக இருக்கும்.

ஐயா என்னோடு பேசுவதில்லை. விறகு வேண்டுமென்றால் மயினியிடம் கேட்கிறார்.

ஜூன் 30, புதன்

பதில் வந்தது. இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்களாம். எனக்காகச் செபிப்பதாக எழுதியிருக்கிறார். ஐயாவுக்குப் படித்துக் காட்டினேன். இந்த முறை ஒரு தரம் போதும் என்றார்.

ஜூலை 4, ஞாயிறு

வாசலோரப் பாயில் நான் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் எல்லாருடைய முதுகும்தான் தெரியும். ஆண்கள் பக்கம் எழுந்தபோது ஐயாவும் எழுந்தார். மேசைக்கு முன்னால் முழங்காலிட்டு இரண்டு கையையும் நீட்டினார். ஐயாவின் முதுகு குலுங்கியது. உபதேசியார் சற்று நேரம் அவர் தலையில் கை வைத்திருந்தார். நான் பார்க்க வேண்டுமென்று கேட்டதை எல்லாம் பார்த்துவிட்டேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது உச்சிவெயில். மயினி ஊரில் பிள்ளை பிறந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போய்விட்டாள். ஐயா முன்னால் நடந்தார், நான் இருபதடி பின்னால். கோயிலுக்குப் பனைமட்டைச் செருப்பு போட்டுப் போவதில்லை. தேரிக்காட்டுச் செம்மணல் அனலாகக் கொதித்தது. எல்லாரையும் போல நானும் ஒரு நிழலிலிருந்து அடுத்த நிழலுக்கு ஓடி ஓடிப் போனேன். ஐயா ஓடவில்லை. பாதித் தூரத்தில் ஒற்றைப் பனை ஒன்று நிற்கிறது. அந்நேரத்தில் அதன் நிழல் ஒரு ஆள் நிற்கத்தான் காணும். ஐயா அதில் நின்றார். நான் பின்தங்கி, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, அவர் கிளம்பட்டும் என்று நின்றேன்.

அவர் கிளம்பவில்லை. நிழலைவிட்டு ஒரு எட்டு விலகி, வெயிலில் மணலில் நின்றுகொண்டு, திரும்பிப் பார்த்தார்.

"வா. வந்து நில்லு" என்றார். "கால் ஆறட்டும்."